கியரா, பல்லிணையா, படியா? மலைப்பாதைக் குறிப்பு ஒன்றுக்குச் சொல் தேடியபோது

கோத்தகிரியில் என் தம்பி சைக்கிள் வாடகைக்கு விடுகிறான். பன்னிரண்டு வண்டிகள், எல்லாமே கியர் சைக்கிள்கள். சென்ற சீசனில் கோவையிலிருந்து வந்த கல்லூரி மாணவர் ஒருவர் கட்டபெட்டு வரை போய்விட்டு, திரும்பும் வழியெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். "அண்ணா, ஏற்றம் வந்ததும் நீங்கள் சொன்னபடியே கியரை இறக்கினேன். மிதிக்கவே முடியவில்லை" என்றார். தம்பி குனிந்து செயினைப் பார்த்தான். பின்பக்கத்தில் ஆகச் சிறிய பற்சக்கரத்தில் அது கிடந்தது.

மாணவர் செய்ததில் பிழை இல்லை. 'இறக்கு' என்று கேட்டவர், பெரிய சக்கரத்தின் உச்சியில் இருந்த செயினைக் கீழே சிறிய சக்கரத்துக்கு இறக்கியிருக்கிறார். தம்பி சொன்ன 'இறக்கு' கார் ஓட்டுகிறவர்களின் 'இறக்கு'. மூன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு. சைக்கிளின் பின்பக்கத்தில் அதைச் செய்ய வேண்டுமென்றால் செயின் மேலே ஏற வேண்டும். ஒரே சொல் இரண்டு திசையைக் காட்டியிருக்கிறது. அதன் விலையை ஓர் இளைஞரின் கால்கள் கொடுத்தன.

ஒவ்வொரு வண்டியிலும் கட்டித் தொங்கவிட ஓர் அட்டை எழுதித் தரும்படி தம்பி என்னைக் கேட்டான். நான் பல ஆண்டுகள் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவன். வாடகைக்குச் சைக்கிள் எடுப்பவர்களில் பலர் காரில் மலையேறி வருகிறார்கள், காரிலேயே இறங்கப் போகிறார்கள். ஆகவே முன்பக்கத்தில் சைக்கிளுக்கும் பின்பக்கத்தில் காருக்குமாக எழுத முடிவு செய்தோம். இருபது வரிகூட வராத அட்டை. அதற்கான சொற்களைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் ஆயிற்று.

முதல் கேள்வி, 'கியர்' என்ற சொல்லையே வைத்துக்கொள்வதா என்பது. கலைச்சொல் பட்டியல்கள் 'பல்லிணை' என்கின்றன. பல்லோடு பல் இணைவது என்று பொருள் தானாகவே விளங்குகிறது. நல்ல சொல்லாக்கம்தான், வகுப்பில் நானே பயன்படுத்தியிருக்கிறேன். சக்கரத்தைச் சில்லு என்று சொல்லும் இலங்கைத் தமிழில் 'பற்சில்லு' என்ற அழகான சொல் உண்டு. நம் பக்கம் 'பற்சக்கரம்' அதே வேலையைச் செய்கிறது. இந்த மூன்றும் ஒரு பொருளின் வடிவத்தைச் சொல்கின்றன. விளிம்பில் பல் வெட்டிய சக்கரம், அவ்வளவுதான்.

ஆனால் 'இரண்டாவது கியரில் போ' என்னும்போது நாம் எந்தச் சக்கரத்தையும் சொல்லவில்லை. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் வண்டியின் சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்ற ஒரு நிலையைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் தொடக்கத்தில் பல்லோடு தொடர்பே இல்லை. பழைய நார்ஸ் மொழியில் கருவி, உடை, தளவாடம் என்பதுபோன்ற பொருளில் இருந்து வந்தது அது. விமானத்தின் இறங்கு சக்கரத் தொகுதியை இன்றும் அதே சொல்லால் குறிப்பது அதன் எச்சம். தமிழுக்கு வந்த 'கியர்' அந்தப் பழைய சுமை எதையும் கொண்டுவரவில்லை. ஓட்டுநர் வாயில் அது பெரும்பாலும் நிலையை மட்டுமே குறிக்கிறது. சைக்கிள் மெக்கானிக் சக்கரத்தைப் பற்றிப் பேசும்போது 'கியர்' என்பதில்லை. "18 பல் ஃப்ரீவீல்", "44 பல் செயின்வீல்", "பல் தேய்ந்துவிட்டது" என்று பல்லையே எண்ணுகிறார். பேச்சுத் தமிழ் ஏற்கெனவே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. கலைச்சொல்லாக்கம் அதை மீண்டும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

'பல்லிணை' முழுக்க முழுக்கப் பொருந்தும் இடம் ஒன்று எங்கள் மலையிலேயே இருக்கிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் வந்த மலை ரயில், கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளரின் முறை அது. பற்கள் முன்பின்னாக அமையும்படி இரண்டு சட்டங்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கும். ஒன்றின் பல் விடுபடும் நேரத்தில் மற்றதன் பல் பிடித்திருக்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதில் பதிந்து, ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் ரயிலைத் தள்ளிக்கொண்டு குன்னூர் வரை ஏறுகிறது. இறங்கும்போது அதே பற்கள்தான் ரயிலைப் பிடித்துக்கொள்கின்றன. பல்லும் இருக்கிறது, இணைவும் இருக்கிறது. ஓட்டுநர் மாற்ற வேண்டிய கியர் மட்டும் அங்கே கிடையாது.

இதற்கு நேர்மாறான வண்டி நம் தெருவெல்லாம் ஓடுகிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் விகிதத்தை மாற்றுவது ஒரு பெல்ட்டும் விரிந்து சுருங்கும் இரண்டு கப்பிகளும். சில ஆட்டோமேட்டிக் கார்களிலும் இதே ஏற்பாடுதான். அங்கே விகிதம் மாறுகிறது, ஆனால் மாற்றும் இடத்தில் பல் இல்லை. அந்த ஸ்கூட்டரைப் 'பல்லிணை இல்லாத வண்டி' என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். பின்சக்கரத்துக்கு அருகே வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரங்கள் அதற்குள் இருக்கவே செய்கின்றன. 'கியர் இல்லாத வண்டி' என்பது மட்டுமே சரி. ஓட்டுநர் உரிமத்திலும் கியர் உள்ளது, இல்லாதது என்றுதான் இரு சக்கர வண்டிகளைப் பிரித்திருக்கிறார்கள்.

சைக்கிளுக்கும் பல்லிணை பொருந்தாது. செயின்வீலின் பல்லும் பின்சக்கரத்தின் பல்லும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இடையில் செயின் ஓடுகிறது. ஆகவே பல் வெட்டிய உறுப்புக்குப் 'பற்சக்கரம்', நிலைக்குக் 'கியர்' என்று முதல் முடிவை எடுத்தோம். பல்லிணையை அட்டையில் எங்கும் எழுதவில்லை.

இந்த முடிவுக்கு வருமுன் 'படி' என்ற சொல் என்னை நெடுநாள் பிடித்து வைத்திருந்தது. முதல் படி, இரண்டாம் படி. சின்னஞ்சிறு சொல், தூய தமிழ், பல்லைப் பற்றிப் பேசாமல் நிலையை மட்டும் சொல்கிறது. பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வதுபோல, ஓட்டுநர்கள் விகிதத்தைப் படிக்கணக்கில் சொல்லலாமே என்று தோன்றியது. வகுப்பறையில் விளக்க இதைவிட நல்ல சொல் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் 'இரண்டாம் படியில் இறங்கவும்' என்று ஒரு பலகை இருந்தால், புதிதாக வந்தவர் சாலையோரத்தில் படிக்கட்டைத் தேடுவார். மலையில் ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளக் கிடைக்கும் நேரம் அரை நொடி.

தனித்தமிழில் பற்றுள்ள நண்பர் ஒருவர் என்னோடு வருத்தப்பட்டார். "பேருந்து நிலைத்தது, மிதிவண்டி நிலைத்தது. பல்லிணைக்கு மட்டும் ஏன் இடம் இல்லை?" அவர் கேட்பது நியாயமான கேள்வி. அரசு மாணவர்களுக்கு 'விலையில்லா மிதிவண்டி' என்றே கொடுத்தது, அந்தச் சொல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பேருந்து ஒவ்வொரு ஊரின் நிலையப் பலகையிலும் இருக்கிறது. மகிழுந்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை, கார் காராகவே நின்றுவிட்டது. ஒரு சொல் நிலைக்க அழகு போதாது, அன்றாடம் கண்ணில் படும் இடமும் அதற்கு வேண்டும். சாலைப் பலகைகளில் 'பல்லிணை' எழுதப்பட்டுப் பல்லாண்டு பழகிவிடும் நாள் வந்தால் நானும் மாற்றிக்கொள்வேன். தம்பியின் பன்னிரண்டு சைக்கிள்களில் கட்டும் அட்டையில் அந்தச் சோதனையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கடினமான பகுதி இனிமேல்தான். கியர் என்ற பெயர் முடிவாகிவிட்டது. அதன் இரண்டு முனைகளை என்னவென்று சொல்வது?

ஏற்று, இறக்கு என்பவை முதல் நாளே அடிபட்டுவிட்டன. மாணவருக்கு நேர்ந்தது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் ஏற்றம், இறக்கம் என்றாலே சாலைதான். 'ஏற்றத்தில் கியரை இறக்கு, இறக்கத்திலும் கியரை இறக்கு' என்று காருக்கு எழுதினால் பொருள் சரியாகவே இருக்கும், படிப்பவர் தலை சுற்றிப்போகும். கூட்டு, குறை என்பவை இதைவிட மேல். எண்ணைக் குறிப்பதால் காருக்கு நன்றாகவே பொருந்துகின்றன.

சிறிய கியர், பெரிய கியர் என்று சிலர் எழுதுகிறார்கள். சைக்கிளில் இது சிக்கலை உண்டாக்கும். பின்பக்கத்தில் பெரிய பற்சக்கரம் ஏற்றத்துக்கு உதவும், முன்பக்கத்தில் சிறியது உதவும். 'சிறியது' என்று கேட்டவர் எந்தக் கையால் எதைத் திருப்புவார்?

விகிதத்தை எண்ணாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு கட்டத்தில் நினைத்தேன். அங்கே எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. காரில் விகிதம் என்பது எஞ்சின் பக்கத்திலிருந்து எண்ணுவது. சிறிய காரின் முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ மூன்றரைச் சுற்று சுற்றினால்தான் கியர்ப்பெட்டியின் வெளித்தண்டு ஒரு சுற்று சுற்றும். எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம். சைக்கிளிலோ முன்பல்லைப் பின்பல்லால் வகுக்கிறோம். எண் பெரிதானால் மிதி கனக்கிறது. ஒரே 'விகிதம்' இரண்டு வண்டிகளிலும் எதிரெதிராக ஓடுகிறது. அட்டையின் இரண்டு பக்கத்திலும் அதை எழுதுவது ஆபத்து.

சைக்கிளுக்கு நான் மிகவும் விரும்பிய அளவு வேறொன்று. மிதியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் போகும்? அதை 'மிதித் தொலைவு' என்று பெயரிட்டுத் தம்பியிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். நம் தந்தையர் ஓட்டிய கறுப்புச் சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்துக்கொண்டால் மிதித் தொலைவு சுமார் 5.4 மீட்டர். தம்பியின் வண்டிகளில் முன்னே 24, 34, 42 பற்கள் கொண்ட மூன்று சக்கரங்கள், பின்னே 14 முதல் 28 வரை ஏழு. 26 அங்குலச் சக்கரத்தோடு, 24-க்கு 28 போட்டால் சுமார் 1.8 மீட்டர். 42-க்கு 14 போட்டால் சுமார் 6.2 மீட்டர்.

இந்த எண்களைக் கொண்டு மலையைப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறவர் நிமிடத்துக்கு 100 மீட்டர் போகிறார். கறுப்புச் சைக்கிளில் அதற்கு நிமிடத்துக்குப் பதினெட்டு, பத்தொன்பது மிதிதான். ஒவ்வொரு மிதியிலும் முழு உடம்பின் எடையையும் இறக்க வேண்டும். அதனால்தான் மலையூர்களில் அந்த வண்டியை ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம். லேசான கியரில் அதே வேகத்துக்கு ஐம்பத்தைந்து மிதி. கால் சீராகச் சுற்றும், மூச்சும் நிலைக்கும்.

இன்னொன்றும் கணக்கில் தெரிந்தது. 42-க்கு 28 போட்டாலும், 24-க்கு 16 போட்டாலும் விடை 1.5 தான். அந்த வண்டியை '21 கியர்' என்று விற்கிறார்கள். மூன்றை ஏழால் பெருக்கினால் 21 வரும், ஆனால் காலுக்குத் தெரியும் நிலைகள் 21 இல்லை. 'என் வண்டியில் எத்தனையாவது கியர்?' என்று கேட்பவருக்கு, காரைப்போல ஒற்றை எண்ணில் விடை சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

மிதித் தொலைவு துல்லியமான சொல், ஆனால் சாலையில் போகிறவர் மீட்டர் கணக்குப் பார்க்க மாட்டார். கடைசியில் தம்பியின் வாடிக்கையாளர்கள் தாமாகவே சொல்லும் சொற்கள்தான் வென்றன. 'மிதி கனமாக இருக்கிறது', 'மிதி லேசாக இருக்கிறது'. லேசான கியர், கனமான கியர். இவற்றுக்குப் பல்லும் தெரிய வேண்டாம், எண்ணும் தெரிய வேண்டாம், கால் சொல்லிவிடும். கைப்பிடியில் உள்ள எண்ணும் இதற்கு உதவுகிறது. இடக்கையிலும் வலக்கையிலும் 1 என்பது லேசான பக்கம். எண் அழிந்துபோன வண்டியில் காலை நம்பலாம்.

காருக்கு இந்தச் சொற்கள் உதவா. ஆக்சிலரேட்டரை மிதிக்கும் காலுக்குக் கனமும் லேசும் தெரிவதில்லை. அங்கே எண்தான் சொல். முதல் கியர், இரண்டாவது கியர். ஓட்டுநர்கள் 'இழுவை' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள், 'வண்டி இழுக்கவில்லை' என்றதும் கை தானாகக் கியர் ராடுக்குப் போகிறது. 'இழுவை கியர்' என்று எழுத ஆசைப்பட்டேன். ஏற்றத்துக்கு மிக நல்ல சொல். இறக்கத்தில் அது கைவிட்டுவிடுகிறது. கீழே இறங்கும் வண்டிக்கு எதற்கு இழுவை என்று புதியவர் டாப் கியருக்குப் போய்விடுவார்.

இறக்கம்தான் இந்த அட்டையை எழுதியதன் உயிர். காரும் சைக்கிளும் முற்றிலும் பிரிந்துபோகும் இடமும் அதுதான். இரண்டாவது கியரில் இறங்கும் காரில் சக்கரங்கள் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சின் எதிர்த்து நிற்கிறது, வண்டி பிடித்துக்கொள்கிறது. பிரேக்குக்கு வேலை குறைகிறது. டாப் கியரிலோ நியூட்ரலிலோ விட்டுவிட்டுப் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விடும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாறில் நின்றிருக்கும் வெளியூர்க் கார்களின் சக்கரத்தருகே கருகல் வாடை அடிப்பதைப் பலமுறை முகர்ந்திருக்கிறேன். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறு வளைவுகள், சரிவு இன்னும் செங்குத்து. அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

நியூட்ரலில் உருட்டினால் எரிபொருள் மிச்சம் என்ற எண்ணம் இன்னும் சாகவில்லை. இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் பாய்வதே நின்றுவிடும், எஞ்சினைச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில்தான் எஞ்சின் தன்னை ஓட வைத்துக்கொள்ள எரிபொருளைக் குடிக்கிறது. மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. நியூட்ரலுக்கு 'நடுநிலை' என்று யாரோ முன்மொழிந்ததைப் பார்த்தேன். நடுநிலை நாம் மதிக்கும் பண்பின் பெயர், மலையில் செய்யவே கூடாத ஒரு காரியத்துக்கு அதைச் சூட்ட நான் உடன்பட மாட்டேன். நியூட்ரல் என்றே எழுதினோம்.

இறக்கத்தில் காருக்குச் சொன்ன இது எதுவும் சைக்கிளுக்குச் செல்லாது. ஃப்ரீவீல் இருப்பதால் இறக்கத்தில் பின்சக்கரம் மிதியைச் சுற்றுவதில்லை. எந்தக் கியரில் இருந்தாலும் வண்டியைப் பிடிப்பது பிரேக் மட்டும்தான். 'இறக்கத்தில் கியரைக் குறைத்தால் வண்டி பிடிக்கும்' என்று காரிலிருந்து கற்றவர் சைக்கிளில் அதை நம்பினால் வளைவில் தவறிப்போவார். அட்டையின் முன்பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் போட்டோம்: 'சைக்கிளில் கியர் வேகத்தைக் குறைக்காது. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள்.'

மற்ற சொற்களில் அதிகம் தயங்கவில்லை. கிளட்ச் கிளட்சாகவே இருக்கிறது. 'உரசிணைப்பி' அது வேலை செய்யும் விதத்தை அப்படியே சொல்வதால் வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன், அட்டையில் இடம் இல்லை. காரைப் பின்னால் எடுப்பதைப் 'பின் கியர்' என்று சிலர் சொல்கிறார்கள், சைக்கிளில் அது பின்சக்கரத்தின் கியரைக் குறிக்கிறது. ஆகவே காருக்கு 'ரிவர்ஸ்', சைக்கிளுக்கு 'பின்பக்கக் கியர்'.

செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றதற்குத் தள்ளும் உறுப்பில்தான் தம்பிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கடைகளில் 'டிரெய்லர்' என்கிறார்கள், லாரிக்குப் பின்னால் வரும் வண்டிதான் நினைவுக்கு வருகிறது. மூலமான 'derailleur' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தடம் புரளச் செய்வது என்று பொருள். நேராக மொழிபெயர்த்தால் 'தடம்புரட்டி'. 1937 வரை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அனுமதிக்கப்படாதிருந்த கருவி அது, வரலாறு சுவையானதுதான். ஆனால் மலை ரயில் ஓடும் ஊரில் அந்தப் பெயரை எழுத என் கை வரவில்லை. 'செயின் மாற்றி' என்றால் பழைய செயினைக் கழற்றிப் புதிது போடுவதாகிவிடும். நான் 'செயின் நகர்த்தி' என்று வைத்தேன். செய்யும் வேலை அதுதான். உதிரிப்பாகக் கடையில் அப்படிக் கேட்டால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள் என்றான் தம்பி. அவன் சொல்வதும் உண்மை. அந்த ஒரு வரியில் மட்டும் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

அட்டை அச்சாகி வந்த வாரம், ஆட்டோமேட்டிக் காரில் வந்த ஒரு குடும்பத்தலைவர் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "என் வண்டிக்குக் கியரே இல்லையே, ஐயா. அப்படியானால் இது எனக்கு இல்லைதானே?" என்று கேட்டார். அவர் டி-யிலேயே, அதாவது சாதாரணமாக ஓட்டும் நிலையிலேயே, மேட்டுப்பாளையம் வரை இறங்க இருந்தார். கியரை அவர் மாற்றுவதில்லை, வண்டிக்குள் அது மாறிக்கொண்டுதான் இருக்கிறது. இறக்கத்தில் வேகத்தை விரும்பி மேல் எண்ணுக்கே போய்விடும் வண்டிகள் உண்டு. அன்று மாலையே கீழே ஒரு வரி சேர்த்து மறுபடி அச்சடித்தோம்: 'ஆட்டோமேட்டிக் காருக்கும் கியர் உண்டு. இறக்கத்தில் டி-யை விட்டு எல்-லுக்கு (குறைந்த கியர் நிலை) மாற்றுங்கள். எம் (கையால் மாற்றும் நிலை) இருந்தால் அதில் 2-ஐ வையுங்கள்.'